பழைய எண்ணுக்குத் திறக்காது

பக்கத்துக் கடைப் பூட்டுக்கார அக்கா யாருடைய சாவியையும் மேசைமேல் திறந்து வைக்க மாட்டார். வாங்கிய கையோடு ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவார். வரிசையில் நிற்பவர்களில் வெட்டுகளைப் படிக்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கலாம் என்பார். சாதாரண வீட்டுச் சாவியில் ஐந்து பள்ளங்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆழம். ஒவ்வோர் ஆழத்துக்கும் ஓர் எண். மூன்று, ஐந்து, ஒன்று, ஆறு, இரண்டு. இந்த ஐந்து எண்கள் தெரிந்தால் போதும், மூலச் சாவியைக் கண்ணால் பார்க்காமலே இன்னொன்று வெட்டிவிடலாம்.

என் நகல் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் சாவி மெஷின் பித்தளையைக் கடிக்கும். இந்தப் பக்கம் என் மெஷின் காகிதத்தைத் தள்ளும். பகலில் கத்தித்தான் பேசிக்கொள்வோம். பித்தளைத் தூள் இடுக்கு வழியாக வந்து என் காகிதக் கட்டுகளின் ஓரத்தில் மினுங்கும்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அக்கா, அவர் கணவர், கணவரின் தங்கை என்று மூன்று பேர். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். அக்காவின் கணவரை நான் அண்ணன் என்பேன்; வேன் ஓட்டுவார், சாவி நுழையும் உருளையான சிலிண்டரைக் கதவிலிருந்து கழற்றுவார், மாட்டுவார். அதன் உள்ளே இருக்கும் பொடிப் பின்களில் கை வைக்க மாட்டார். "என் விரலுக்கு அந்தப் பின்னெல்லாம் எறும்பு மாதிரி, பிடிக்கப் போனா செத்துப் போகும்" என்பார். தங்கை படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். தேடும் நேரம் போக மீதி நேரத்தில் கடைக் கணினி அவள் பொறுப்பு.

அன்று காலை காற்று பலமாக இருந்தது. கடைப் பலகைக்குக் கீழே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தங்கை தடுப்புக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் வாங்களேன். ஒரு மெயில் வந்திருக்கு. நான் படிச்சது சரிதானான்னு பாருங்க."

அவள் படித்தது சரிதான். அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் தங்களிடம் இருப்பதாக யாரோ எழுதியிருந்தார்கள். ஆயிரத்து அறுநூற்று நாற்பது வரிகள். பத்து நாள் அவகாசம். பணம் வராவிட்டால் டார்க் வெப் என்னும் இணையக் கள்ளச் சந்தையில் விற்பனைக்குப் போடுவோம். நம்பிக்கைக்கு மாதிரியாகப் பத்து வரிகளைக் கீழே ஒட்டியிருந்தார்கள்.

அக்கா கையில் இருந்த அரத்தைக் கீழே வைக்காமலே எழுந்து வந்தார்.

"சத்தமா படி."

தங்கை படித்தாள். பெயர், தெரு, மாடி, ஐந்து எண்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பு. ஒரு வீட்டுக்கு, 'மாடியில் இருப்பவர் பாதி மாதம் வெளியூர்.' இன்னொரு வீட்டுக்கு, 'நாய் உண்டு. குரைக்கும், கடிக்காது.'

"நாய் கடிக்காதுன்னு யாரு சொன்னது?" என்றார் அக்கா.

"அண்ணன் சொன்னாரு, அண்ணி. ரெண்டு தடவை போனாராம், கடிக்கலையாம்."

வாசலில் வேன் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். "என்னை எந்த நாயும் கடிக்காது. ஆளைப் பாத்தாலே பாவம்னு விட்டுடும். ஏன், என்னாச்சு?"

தங்கை ஏழாவது வரிக்கு வந்திருந்தாள். அதை வாய்க்குள்ளேயே படித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"சத்தமா படின்னேன்."

"'நர்ஸ். தனியாக இருக்கிறார். இரவு வேலை. முன்னாள் கணவருக்குத் தெரியக் கூடாது. முகவரியை எங்கேயும் எழுத வேண்டாம் என்று சொன்னார்.'"

மெஷின் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா போய் நிறுத்தினார்.

"எழுத வேண்டாம்னு அவ சொன்னதையே எழுதி வச்சிருக்கியேம்மா."

"மறந்துடக் கூடாதுன்னுதான், அண்ணி" என்றாள் தங்கை.

இதற்கு முன்பு எல்லாம் இரண்டு நோட்டுகளில் இருந்தது. ஒரு நோட்டில் எண்கள் மட்டும். இன்னொன்றில் முகவரிகள் மட்டும். எண் நோட்டு கடையில் இருக்கும், முகவரி நோட்டு வீட்டு அலமாரியில். இரண்டையும் இணைப்பது ஒரு சின்னப் படம். குடை, சீப்பு, ஏணி, மீன் என்று அக்கா தன் கையால் வரைந்த படமும் பக்கத்தில் ஒரு வரிசை எண்ணும். குடை பதினாலு என்றால் எந்த வீடு என்று அலமாரி நோட்டைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு நோட்டு திருடு போனாலும் திருடனுக்கு ஒன்றும் புரியாது. சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது கடைவாசலில் நின்றால் அக்கா பின்பக்கம் ஓடி, அலமாரியைத் திறந்து, படத்தைப் பார்த்து, திரும்ப ஓடி வர வேண்டும். அண்ணியின் முழங்கால் வலியைப் பார்த்துத்தான் தங்கை அந்த வேலையைச் செய்தாள். மூன்று மாதம் உட்கார்ந்து இரண்டு நோட்டுகளையும் ஒரே பட்டியலாக்கினாள். அண்ணனிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்புகளும் சேர்த்தாள். முடித்த அன்று அக்கா அவளுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்.

மதியம் மூவரும் காவல் நிலையத்தின் சைபர் பிரிவுக்குப் போனார்கள். அச்சடித்த மெயிலை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அதிகாரி ஒரு பெண். மேசையில் பாதி கடித்த ஆப்பிள் ஒன்று பழுப்பேறிக் கிடந்தது. பொறுமையாகக் கேட்டார்.

"பட்டியலை எங்க வச்சிருந்தீங்க?"

"ஆன்லைன்ல மேடம். இலவசமா இடம் குடுப்பாங்கல்ல, அதுல" என்றாள் தங்கை.

"பாஸ்வேர்டு?"

"கடை போன் நம்பர்."

"எந்த நம்பர்?"

"போர்டுல எழுதியிருக்கிறது."

அதிகாரி பேனாவை மூடினார். "மெயிலுக்கு?"

"அதேதான்."

"பூட்டு சாமான் வாங்குற தளத்துக்கு?"

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள்.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "நீங்க பூட்டுக் கடைதானே வச்சிருக்கீங்க?"

அக்காவின் காது சிவந்தது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அதிகாரி விளக்கினார். சாமான் விற்கும் தளம் ஒன்றில் யாரோ புகுந்து எல்லோருடைய பாஸ்வேர்டையும் அள்ளியிருப்பார்கள். பிறகு அதையே மற்ற எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பார்கள். "ஒரு வீட்டுல எடுத்த சாவியைத் தெருவுல இருக்கிற எல்லாக் கதவுலயும் போட்டுப் பாக்கிற மாதிரி. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"பணம் குடுத்தா அழிச்சுடுவானா மேடம்?" என்று அண்ணன் கேட்டார்.

"அழிச்சுட்டேன்னு சொல்லுவான்."

"அப்புறம்?"

"அப்புறம் அடுத்த மாசமும் கேப்பான். பதில் எழுதாதீங்க. மெயிலை அழிக்காதீங்க. எல்லா இடத்திலயும் வேற வேற பாஸ்வேர்டு வைங்க. போனுக்கு ஓடிபி நம்பர் வந்தாத்தான் திறக்கும்னு மாத்துங்க. நாங்க தேடுவோம். ஆனா ஒண்ணு, அங்க போனது திரும்பி வராது. அதை மட்டும் நம்பாதீங்க."

வேனில் திரும்பி வந்தோம். சிக்னலில் நின்றபோது அண்ணன் ஆரம்பித்தார்.

"ஏம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? வேனை வித்தா அவன் கேட்டதைக் குடுத்துடலாம். யாருக்கும் தெரியாது."

"நமக்குத் தெரியுமே."

"நமக்குத் தெரிஞ்சா பரவாயில்ல. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் கூப்பிடுவான்? எட்டு வருஷம் அங்க, பதினோரு வருஷம் இங்க. ஒரே நாள்ல போயிடும்."

"போகட்டும்."

"போகட்டும்னா சாப்பாட்டுக்கு?"

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருங்க, யோசிக்கிறேன். பச்சை விழுந்திடுச்சு பாருங்க, போங்க."

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் ஒலியெழுப்பின. அண்ணன் வேனை நகர்த்தினார். தங்கை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சித்தி வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றாள். தன்னால்தான் எல்லாம் என்றாள்.

"போயிட்டா இந்த லிஸ்ட்டை யாரு எனக்குப் படிச்சுக் காட்டுறது? உன் எழுத்துப்பிழை உனக்குத்தான் புரியும். பேசாம உக்காரு."

கடைக்கு வந்ததும் அக்கா ஒரு சிலிண்டரை எடுத்து இடுக்கியில் மாட்டினார். அடிப்பகுதியைத் திறந்து, ஐந்து துளைகளிலிருந்தும் பின்களைக் கவிழ்த்தார். அரிசி மணியை விடச் சிறிய பித்தளைத் துண்டுகள். ஐந்து வேறு உயரங்கள். அவற்றை எடுத்துவிட்டு வேறு ஐந்தைப் போட்டார். மேலே ஸ்பிரிங்குகள். மூடினார். பழைய சாவியை நுழைத்துத் திருப்பினார். திரும்பவில்லை.

"தம்பி, நேரம் பாத்தீங்களா?"

"நாலு நிமிஷம்."

"அவன்கிட்ட என்ன இருக்கு? நம்பர். இந்தப் பூட்டோட நம்பர் இப்ப என்ன? வேற. அப்ப அவன் வச்சிருக்கிறது என்ன?"

அண்ணன் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "குப்பை" என்றார், நுரையோடு.

"ஆங். லிஸ்ட்டைத் திரும்ப வாங்க முடியாது. பொய்யாக்க முடியும்."

"ஆயிரத்து அறுநூறு கதவா?"

"ஆயிரத்து அறுநூத்தி நாப்பது."

"பத்து நாள்லயா?"

"நீங்க கதவைக் கழட்டுங்க, கேள்வி கேக்காதீங்க."

அன்று மாலையே நோட்டீஸ் எழுதினோம். அண்ணன் 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று தொடங்கச் சொன்னார். அக்கா அடித்துவிட்டார். "கோளாறு இல்ல. திருட்டுப் போச்சு. எங்க கவனக்குறைவால திருட்டுப் போச்சுன்னு எழுதுங்க, தம்பி." அப்படியே எழுதினேன். உங்கள் பூட்டின் எண்ணும் முகவரியும் திருடர்கள் கையில் உள்ளன. எண்ணை இலவசமாக மாற்றித் தருகிறோம். கதவின் ஓரத்தில் இருக்கும் நீளமான திருகாணியைக் கழற்றினால் சிலிண்டர் கையோடு வரும். கொண்டு வாருங்கள். முடியாதவர்கள் அழையுங்கள், வருகிறோம். இரண்டாயிரம் பிரதி அடித்தேன்.

தங்கைக்காகப் பட்டியலையும் ஒரு பிரதி அச்சடிக்க வேண்டியிருந்தது. யாருடைய கதவை முதலில் மாற்றுவது என்று குறிக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள், வெளியூர் போகிறவர்கள், நாயில்லாதவர்கள். நாற்பதாவது தாளில் என் வீடு இருந்தது. 'நகல் கடைக்காரர். கணவன், மனைவி. காலை எட்டு முதல் மாலை ஏழு வரை வீட்டில் யாரும் இல்லை.'

"இதுல ஓர் ஆள் தப்பு. இப்ப நான் மட்டும்தான்" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார் அக்கா. அந்த வரியை அவரே பேனாவால் அடித்தார். என் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அன்றே கொடுத்தேன். அதுதான் முதல் பூட்டு.

மறுநாள் முதல் வரிசை நின்றது. கையில் ஆளுக்கொரு சிலிண்டர். சிலர் அதைக் காகிதத்தில் சுற்றி, சிலர் மாத்திரை டப்பாவில் போட்டு, ஒருவர் காலுறைக்குள் போட்டுக் கொண்டு வந்தார். வெயில் ஏற ஏற வரிசையின் குரலும் ஏறியது.

"எங்க வீட்டைப் பத்தி என்ன எழுதி வச்சிருந்தீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

"சொல்லும்மா" என்றார் அக்கா.

தங்கை தாளைப் புரட்டினாள். "'கதவு வீங்கியிருக்கிறது. தூக்கித் திறக்க வேண்டும்.'"

"அவ்வளவுதானா?"

"'பேச்சு நிறைய.'"

வரிசை சிரித்தது. அந்த ஆளும் வேறு வழியில்லாமல் சிரித்தார். எல்லோரும் சிரிக்கவில்லை. ஒரு மருந்துக் கடைக்காரர் சிலிண்டரை மேசைமேல் வீசினார். இனி உங்கள் கை பட்ட பூட்டு எனக்கு வேண்டாம் என்றார். ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வழக்குப் போடுவேன் என்றார். "போடுங்க. அது உங்க உரிமை. ஆனா பூட்டை மாத்திட்டுப் போய்ப் போடுங்க" என்றார் அக்கா, பின்களிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாம் நாள் மொட்டையண்ணன் வந்தார். சந்தை முனையில் பூட்டுக் கடை வைத்திருப்பவர். அவரும் அக்காவும் ஏழு வருடமாகப் பேசுவதில்லை.

"என்ன, கடையைத் திறந்து வைன்னா ஊரையே திறந்து விட்டுட்டியாமே?"

"சிரிக்க வந்திருந்தா சீக்கிரம் சிரிச்சுட்டுப் போங்க. வேலை கிடக்கு."

"சிரிச்சாச்சு. வர்ற வழியிலயே சிரிச்சாச்சு." அவர் தன் பின் பெட்டியை மேசைமேல் வைத்தார். "ரெண்டு நாளா என் கடையிலயும் கேக்குறானுங்க, நீயும் எழுதி வச்சிருக்கியான்னு. உன்னால என் பொழப்புக்கும் கேடு. தள்ளு அந்தப் பக்கம்."

அக்கா தள்ளி உட்கார்ந்தார்.

"இதென்ன ஸ்பிரிங்கு? கொசு காலு மாதிரி."

"உங்க கடை ஸ்பிரிங்கு மாட்டு வண்டிக்குத்தான் ஆகும்."

"வாயைக் குறைச்சா கை ஓடும்."

"கை ஓடிட்டுத்தான் இருக்கு. நீங்க ஒண்ணு முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு."

அது உண்மையில்லை. இருவரும் சமமாகத்தான் ஓடினார்கள். மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தது. நின்றபடியே சாப்பிட்டார்கள். மொட்டையண்ணன் முட்டைக்கு உப்பு போதாது என்றார். அண்ணன் வீடு வீடாகப் போய்ச் சிலிண்டர்களைக் கழற்றி வருவதும், மாற்றியதைக் கொண்டுபோய் மாட்டுவதுமாக இருந்தார். அந்த வீடுகளில் எல்லாம் திட்டு அவருக்குத்தான். "இன்னைக்கு ஒரு நாயும் கடிச்சிடுச்சு" என்று காலைக் காட்டினார். தங்கை மன்னிப்புக் கேட்டாள். "அந்த நாய் இல்ல, இது வேற நாய். லிஸ்ட்லயே இல்ல" என்றார்.

நர்ஸ் வீட்டுக்கு முதல் நாளிலிருந்தே அக்கா போன் செய்துகொண்டிருந்தார். எடுக்கவில்லை. தெரியாத எண்ணை அவர் எடுப்பதில்லை போல. நாலாம் நாள் நேரில் போனோம். வேன் நிறுத்த இடமில்லாமல் அண்ணன் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்க நான் மாடியேறினேன். தங்கையும் வந்தாள். வர வேண்டாம் என்று அக்கா சொன்னதற்கு, "நான்தானே எழுதினேன் அண்ணி, நான்தான் சொல்லணும்" என்றாள்.

மூன்றாவது மாடி. கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு முழுதாகத் திறந்தது. முப்பது வயது இருக்கும். இரவு வேலை முடிந்து தூங்கி எழுந்த முகம். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரோரம் ஒரு சூட்கேஸ். சுவரில் எதுவும் மாட்டவில்லை.

தங்கை சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. குறிப்பைப் படித்தும் காட்டினாள்.

"எழுதாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றார் நர்ஸ். குரல் உயரவேயில்லை.

"சொன்னீங்க."

"பேரும் இருக்கா?"

"இருக்கு."

"மாடி?"

"இருக்குக்கா."

அக்கா அதற்குள் கதவருகே மண்டியிட்டுத் திருகாணியைக் கழற்றத் தொடங்கியிருந்தார். "நம்பரை இப்பவே மாத்திடுறேன். கூடவே உள்ள ஒரு தாழ்ப்பாளும் போடுறேன்."

"நம்பரை மாத்திடுவீங்க. வீட்டை?"

அக்காவின் கை நின்றது.

"இது மூணாவது வீடு. ரெண்டு வருஷமா இந்த மாடியில யாருக்கும் என் பேரு தெரியாது. பால் வாங்க மறந்துட்டேன்னு எதிர் வீட்டுல ஒரு நாள் கேட்டதுகூட இல்ல. எல்லாம் எதுக்கு? இதுக்குத்தானா?"

தங்கை அழுதாள். நர்ஸ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "குடி. நீ அழுது எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல."

புதுப் பின்கள் போட்டுப் பூட்டியதும் புதுச் சாவியை அக்கா அவர் கையில் வைத்தார். எண்ணை எங்கும் எழுதவில்லை. நர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டார்.

"மாசக் கடைசி வரைக்கும் டூட்டி போட்டிருக்காங்க. அது முடிஞ்சதும் போயிடுவேன்" என்றார்.

படியிறங்கும்போது அக்கா ஒவ்வொரு தளத்திலும் நின்று நின்று இறங்கினார். முழங்கால் வலியா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பத்தாம் நாள் சரியாகப் பதினோரு மணிக்கு மெயில் வந்தது. ஒரே வரி. விற்பனை தொடங்கிவிட்டது. தங்கை சத்தமாகப் படித்தாள். வரிசையில் அப்போது முப்பது பேர் நின்றார்கள்.

"எவ்வளவுக்குப் போகுதாம்?" என்று மொட்டையண்ணன் கேட்டார்.

"போடலண்ணே."

"வாங்குறவன் பாவம்" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள்.

"மிச்சம் எத்தனை?" என்றார் அக்கா.

"நானூத்திப் பன்னெண்டு அண்ணி. அதுல பாதிப் பேரு வீடு மாறிட்டாங்க போல, போன் எடுக்கல."

"எடுக்கிற வரைக்கும் போடு. அடுத்த ஆள் வாங்க."

தங்கை அந்த மெயிலை அதிகாரிக்கு அனுப்பினாள். அன்று மாலை இலவச இடத்திலிருந்த பட்டியலை அதிகாரி சொன்ன முறைப்படி பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு அழித்தாள். கடைக் கணினியிலும் அழித்தாள். அக்கா இரண்டு புது நோட்டுகள் வாங்கி வரச் சொன்னார். குறிப்புக்கென்று கட்டமே கிடையாது என்றார். நாய் கடித்தால் கடிக்கட்டும் என்றார்.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டரைக்கு நர்ஸ் போன் செய்தார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "சாவி உள்ள போகல. உள்ள என்னமோ இருக்கு" என்றார்.

அக்கா கையில் இருந்ததை அப்படியே மொட்டையண்ணன் பக்கம் தள்ளினார். அண்ணன் வேனை எடுத்தார். நானும் தங்கையும் பின்னால் ஏறினோம்.

நர்ஸ் வேலை உடையோடு கதவுக்கு வெளியே நின்றிருந்தார். தோளில் பை. அக்கா விளக்கைக் கொடுத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். துவாரத்தைச் சுற்றிப் புதுக் கீறல்கள். உள்ளே ஏதோ மஞ்சளாக மின்னியது. மெல்லிய கொக்கியை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரளவு மயிரளவாக வெளியே இழுத்தார். உடைந்த சாவியின் முனை. அதைத் துணியில் ஏந்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"நாலு, ரெண்டு, அஞ்சு, அஞ்சு, ஒண்ணு" என்றார்.

தங்கைக்கு அந்த எண் மனப்பாடம். "பழைய நம்பர்."

"பழைய நம்பர்தான். ஆனா இது என் வெட்டு இல்ல. ஓரம் பிசிறு தட்டியிருக்கு. லிஸ்ட்டைப் பாத்து யாரோ புதுசா வெட்டிக் கொண்டுவந்திருக்கான். திரும்பல. கோபத்துல முறுக்கியிருக்கான், ஒடஞ்சிடுச்சு."

அண்ணன் கதவைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். "அவரா, வேற திருடனா?"

"சாவியைப் பாத்து அது தெரியாதும்மா. இதுல கைரேகை இருக்கலாம், செஞ்ச கம்பெனி முத்திரை இருக்கலாம். மேடம் கண்டுபிடிப்பாங்க." அக்கா உடைந்த முனையை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார். தங்கை அதிகாரியைப் போனில் பிடித்தாள். அரை மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார். எதையும் தொட வேண்டாம் என்றார்.

"உங்களைக் கொண்டுபோய் எங்கயாவது விடட்டுமா?" என்று அண்ணன் கேட்டார். "பெட்டியை நான் தூக்கி வர்றேன். எங்க வீட்டுலகூட இருக்கலாம். இடம் கம்மி, ஆனா பூட்டு நல்ல பூட்டு."

நர்ஸ் அக்காவிடம் கையை நீட்டினார். அக்கா புரியாமல் உறையைக் கொடுத்தார். நர்ஸ் அதைப் பிடித்து, உள்ளே கிடந்த அந்தச் சின்னப் பித்தளைத் துண்டைப் பார்த்தார்.

"ஒடஞ்சிடுச்சுல்ல?" என்றார்.

"ஒடஞ்சிடுச்சும்மா."

"நாலாவது வீடு பாக்கணும்னு நினைச்சுட்டிருந்தேன். எதுக்கு? அவன்கிட்ட இருக்கிற என் பேரும் வீடும் எல்லாருக்கும் தெரியட்டும்."

தோள் பையை இறக்கித் தரையில் வைத்து, போனை எடுத்துக்கொண்டார். நேராகப் போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் சவர நுரையோடு ஓர் ஆள் திறந்தார்.

"நான் எதிர் வீடு. ரெண்டு வருஷமா இருக்கேன், உங்ககிட்ட பேசினதில்ல. ராத்திரி என் கதவை யாரோ திறக்கப் பாத்திருக்காங்க. இது அவன் சாவி. என் பழைய புருஷனா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதுதான் அவர் போட்டோ. இந்த ஆளைப் படியில பாத்தா எனக்கும் சொல்லுங்க, போலீசுக்கும் சொல்லுங்க."

சவர நுரைக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். உள்ளே திரும்பி, "ஏய், இங்க வா, இதைப் பாரு" என்று கத்தினார். ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பும்மா. எங்க மாமியார் நாள் பூரா ஜன்னல்லதான் உக்காந்திருக்காங்க, அவங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு. ஆமா, ரெண்டு வருஷமா எதுக்கு நீ பேசவே இல்ல?"

"அது பெரிய கதைக்கா. அப்புறம் சொல்றேன்."

அடுத்த கதவைத் தட்டினார். அதே வார்த்தைகளைச் சொன்னார். இந்தத் தடவை குரல் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்த கதவு. பிறகு படியிறங்கினார். அண்ணன் கூடப் போகப் பார்த்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

நாங்கள் நான்கு பேரும் மேலே நின்றோம். கீழே ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. தட்டும் சத்தமும் அவர் குரலும் தளம் தளமாக இறங்கிக்கொண்டே போயின. ஒரு கதவையும் அவர் விடவில்லை.